இணையத்தில் ஒரு பெண் தாக்கப்படும்போது ஆண்கள் எப்படிக் குரல் கொடுப்பது: முழுமையான வழிகாட்டி

தெரிந்த பெண் ஒருவர் இன்ஸ்டாகிராமில் போட்ட படத்துக்குக் கீழே அசிங்கமான கமெண்ட்டுகள் வந்து விழுகின்றன. அல்லது பழைய கல்லூரி வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருவன் கூடப் படித்த பெண்ணின் படத்தைப் போடுகிறான், நாலைந்து பேர் சிரிக்கிறார்கள், மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். அந்த 'மற்றவர்களில்' ஒருவராக இருந்து, இனியும் பேசாமல் இருக்க மனம் வராத ஆண்களுக்காக இதை எழுதுகிறேன்.

இப்படி உதவ முன்வந்த பலரை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அக்கறை நிறையவே இருந்தது, ஆனால் வரிசை தவறியது. கடைசியில் செய்ய வேண்டிய பொதுப் பதிலை முதலில் போட்டார்கள். பதிவு இன்னும் பல பேருக்குப் போய்ச் சேர்ந்தது, போட்டவன் உஷாராகி எல்லாவற்றையும் அழித்தான், அந்தப் பெண்ணின் கையில் ஓர் ஆதாரமும் மிஞ்சவில்லை. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். சட்டம் பற்றிச் சொல்லியிருப்பவை இந்தியாவுக்கானவை.

1. தொடங்கும் முன் உங்கள் போனைச் சரி செய்யுங்கள்

நீங்கள் இருக்கும் குரூப்புகளை ஒருமுறை முழுதாகப் பாருங்கள். பெண்களின் படங்களை அவர்களுக்குத் தெரியாமல் பகிரும் குரூப் ஏதாவது இருந்தால், அங்கே இதுவரை என்ன செய்தீர்கள் என்று பாருங்கள். சிரிப்பு எமோஜி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஃபார்வர்டு செய்திருந்தால், அனுப்பியவர்களிடமே "அதை அழித்துவிடு, நான் அனுப்பியிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள். இதைச் செய்யாமல் பேசப் போனால், எதிராளி உங்கள் பழைய ஸ்கிரீன்ஷாட்டோடு வருவான். பேச்சு அந்தப் பெண்ணை விட்டு உங்கள் மேல் திரும்பிவிடும்.

ஃபார்வர்டு செய்வதைச் சாதாரணமாக நினைப்பவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு முகநூல் பதிவை நடிகர் எஸ்.வி.சேகர் 2018-இல் பகிர்ந்தார். எழுதியது வேறொருவர். ஆனாலும் அவருக்கு முன்ஜாமீன் மறுத்த சென்னை உயர் நீதிமன்றம், ஒரு செய்தியை ஃபார்வர்டு செய்வது அதை ஏற்று ஆதரிப்பதற்குச் சமம் என்று சொன்னது. 2024-இல் சென்னை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. "நான் சும்மா அனுப்பினேன்" என்று சொல்லும் நண்பனுக்கு இந்த வழக்கைச் சொன்னால் போதும், அதற்கு மேல் வாதாட வேண்டியிருக்காது.

சில எண்களைப் போனில் சேமித்து வையுங்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098, இணையத்தில் பணம் பறிபோனால் 1930, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416. கூடவே நம்பிக்கையான இன்னொரு ஆணிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

2. முதலில் அந்தப் பெண்ணிடம் கேளுங்கள்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போவது இந்தப் படியைத்தான். அந்தப் பெண்ணைத் தெரியும் என்றால், வேறு யாரிடமும் பேசும் முன் அவரிடம் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். பெரிய வார்த்தைகள் வேண்டாம்.

"இந்தப் பதிவைப் பார்த்தேன். உங்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் என்ன செய்தால் உதவியாக இருக்கும்? எதுவும் செய்ய வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள்."

கடைசி வரி முக்கியம். நடந்தது வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று அவர் நினைக்கலாம். தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள், போனைப் பிடுங்கிக்கொள்வார்கள், கல்யாணப் பேச்சை எடுப்பார்கள் என்ற பயம் நம் ஊரில் எத்தனையோ பெண்களுக்கு உண்மையிலேயே இருக்கிறது. நீங்கள் நல்லெண்ணத்தில் அவருடைய அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னால், அவர் பயந்தது உங்கள் கையாலேயே நடந்துவிடும்.

கேட்கும்போது விசாரணை செய்யாதீர்கள். "அந்தப் படத்தை ஏன் போட்டீங்க?", "அவன்கூட ஏன் பேசினீங்க?" இப்படி ஒரு கேள்வி வந்துவிட்டால் அவர் அதற்கு மேல் எதையும் சொல்ல மாட்டார். 2016-இல் சேலம் மாவட்டத்தில் ஓர் இளம்பெண்ணின் படத்தை மார்ஃபிங் செய்து, அதாவது ஆபாசமாகத் தெரியும்படி மாற்றி, முகநூலில் போட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தும் படங்கள் உடனே நீக்கப்படவில்லை. அவர் தற்கொலை செய்துகொண்டார். தன் பெற்றோரே தன்னை நம்பவில்லை என்ற வேதனையை எழுதி வைத்துவிட்டுப் போனார். உங்கள் மேல் தப்பில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். பேச்சில் உயிர் பற்றிய பயம் ஏதாவது தெரிந்தால் மற்ற படிகளை நிறுத்திவிட்டு, அவர் நம்பும் ஒருவர் அவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். 14416 எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

அந்தப் பெண் யாரென்றே உங்களுக்குத் தெரியாது என்றால், அவரைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்ப வேண்டாம். அந்த நேரத்தில் தெரியாத ஆண்களின் செய்திகள் அவருக்கு ஏற்கெனவே குவிந்துகொண்டிருக்கும். நேராக மூன்றாம் படிக்குப் போங்கள்.

3. யாரையும் எதிர்க்கும் முன் ஆதாரத்தை எடுத்துவிடுங்கள்

நீங்கள் வாயைத் திறந்த அடுத்த நிமிடம் பதிவு அழிக்கப்படலாம். எனவே ஆதாரம் முதலில், பேச்சு பிறகு.

ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பதிவின் லிங்க், போட்டவனின் ப்ரொஃபைல் லிங்க், யூசர்நேம், பார்த்த தேதி, நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். காட்சிப் பெயரை யார் வேண்டுமானாலும் நொடியில் மாற்றலாம், ஒரே பெயரில் ஆயிரம் கணக்குகள் இருக்கும். புகாரை வாங்குபவருக்கு லிங்க்தான் வழிகாட்டும். வாட்ஸ்அப் என்றால் அனுப்பியவரின் எண்ணும் குரூப்பின் பெயரும் தெரிய வேண்டும். ப்ரொஃபைலிலிருந்து பதிவுக்குப் போவது வரை ஒரு ஸ்கிரீன் ரெக்கார்டிங் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ஸ்கிரீன்ஷாட்டில் வட்டம் போடுவது, வெட்டுவது எல்லாம் வேண்டாம். மூலப் படத்தை அப்படியே வைத்திருங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அந்தரங்கப் படமாகவோ வீடியோவாகவோ இருந்தால் அதை உங்கள் போனில் சேமிக்காதீர்கள், "இதைப் பாருங்க" என்று யாருக்கும் அனுப்பாதீர்கள். லிங்க்கையும் கணக்கின் விவரத்தையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பாலியல் காட்சிகளை அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால், வைத்திருப்பதே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வழக்காகலாம். ஆதாரத்துக்காகத்தான் வைத்திருந்தேன் என்பதை நீங்கள் விளக்கிக்கொண்டிருக்கும் நிலை வரக் கூடாது.

அந்தப் பெண்ணுக்குத் தொடர்ந்து செய்தி அனுப்பித் தொல்லை தருகிறான் என்றால், பிளாக் செய்யும் முன் "எனக்கு இனி செய்தி அனுப்பாதீர்கள்" என்று ஒரே ஒரு முறை எழுதி அனுப்பி, அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு, விருப்பமில்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைக் குற்றமாகச் சொல்கிறது. அந்த ஒற்றை வரி வழக்குக்குப் பெரிய பலம். அதை அனுப்பவே பயமாக இருக்கிறது என்றால் வற்புறுத்த வேண்டாம்.

4. எங்கே பேசுவது என்று முடிவு செய்யுங்கள்

செய்தவன் உங்களுக்குத் தெரிந்தவன் என்றால் ஐந்தாம் படி. தெரியாத கூட்டம் பொதுவெளியில் தாக்குகிறது என்றால் ஆறாம் படி. அந்தரங்கப் படம், மார்ஃபிங், டீப்ஃபேக் (செயற்கை நுண்ணறிவால் செய்த போலிப் படம் அல்லது வீடியோ), மிரட்டல் என்றால் பேச்சை ஒத்திவைத்துவிட்டு ஏழுக்கும் எட்டுக்கும் போங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் படம் பரவிக்கொண்டிருக்கும். ஒரே அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் என்றால், வாட்ஸ்அப்பில் நடந்தது என்பதற்காக அது வெளிவிவகாரம் ஆகிவிடாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள் புகார் குழு இருந்தே ஆக வேண்டும். பொதுவாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்ணிடம் ஞாபகப்படுத்துங்கள்.

5. தெரிந்த ஆண்களிடம் பேசுவது

ஓர் ஆணின் சொல் அதிகம் எடுபடும் இடம் இதுதான். தெரியாத கூட்டத்தோடு ட்விட்டரில் மல்லுக்கட்டுவதைவிட, கூடப் படித்தவனிடம் தனியாகப் பத்து நிமிடம் பேசுவது பலன் தரும் என்பது நான் திரும்பத் திரும்பப் பார்த்தது. பெண்கள் இல்லாத குரூப்பில்தான் இப்படிப்பட்ட படங்கள் முதலில் சுற்றுகின்றன. அங்கே பேச ஆணைத் தவிர வேறு ஆள் கிடையாது.

முதலில் குரூப்பிலேயே ஒரு சின்ன வரி. நீளமான அறிவுரை வேண்டாம். "டேய், இது அந்தப் பொண்ணுக்குத் தெரியாம எடுத்த படம். டெலிட் பண்ணு." அவ்வளவுதான். எதைச் செய்ய வேண்டும் என்று நேராகச் சொன்னால், செய்வதா வேண்டாமா என்ற கேள்வி மட்டும்தான் மிஞ்சும். "ஏன்டா இப்படி இருக்கீங்க" என்று பொதுவாகப் புலம்பினால் யாருக்கும் அது உறைக்காது, அரட்டை அடுத்த விஷயத்துக்குப் போய்விடும்.

முதல் படியில் சொன்ன இரண்டாவது ஆள் இங்கேதான் வேண்டும். நீங்கள் சொன்ன ஓரிரு நிமிடத்தில் அவர் "ஆமா, எடுத்துடு மச்சான்" என்று போட வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால் "இவன் நல்லவன் வேஷம் போடுறான்" என்று ஓட்டிவிட்டுப் போவார்கள். இரண்டு பேர் சொன்னால், பேசாமல் இருந்த மூன்றாமவனும் நான்காமவனும் வாய் திறக்கிறார்கள். அவர்களுக்கும் பிடிக்காமல்தான் இருந்திருக்கும், முதல் ஆளாகப் பேசத் தயங்கியிருப்பார்கள்.

பிறகு போட்டவனிடம் தனியாகப் பேசுங்கள். முடிந்தால் போனில், அதைவிட நேரில். பலர் முன்னால் விட்டுக்கொடுக்க மறுப்பவன் தனியாக இருக்கும்போது இறங்கி வருவான். "சும்மா ஜாலிக்குப் போட்டேன்டா" என்பான். "உனக்கு ஜாலி, அந்தப் பொண்ணு ஊருக்குள்ள எப்படி நடமாடும்னு நினைச்சுப் பாத்தியா? குரூப்ல இருக்கற ஒவ்வொருத்தன் போன்லயும் அந்தப் படம் இப்ப இருக்கு" என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அவனை மிருகம், பொறுக்கி என்றால் பேச்சு அவன் நல்லவனா கெட்டவனா என்பதில் போய் நின்றுவிடும். செய்த செயலை விட்டு நகராதீர்கள்.

இரண்டு விஷயங்களைத் தவிர்த்தே ஆக வேண்டும். முதலாவது, "உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?" என்ற கேள்வி. நம் வாயில் தானாக வந்துவிடும். ஆனால் யாரோ ஓர் ஆணுக்கு உறவு என்றால்தான் ஒரு பெண்ணுக்கு மரியாதை என்பதை நாமே ஒப்புக்கொள்வதாக ஆகிவிடும். அதோடு, கேட்ட அடுத்த நொடியே உங்கள் தங்கையைப் பற்றி எழுத ஆரம்பிப்பார்கள். சம்பந்தமே இல்லாத இன்னொரு பெண்ணும் உள்ளே இழுக்கப்படுகிறார். இரண்டாவது, கெட்ட வார்த்தை. தமிழில் ஆண்களைத் திட்டும் வசைகளில் பாதி அவர்களின் அம்மாவைத்தான் போய்ச் சேருகின்றன. ஒரு பெண்ணுக்காகப் பேச வந்து இன்னொரு பெண்ணை இழிவுபடுத்திவிட்டுப் போகாதீர்கள்.

குடும்ப குரூப் என்றால் முறை வேறு. சித்தப்பாவோ பெரியப்பாவோ ஒரு நடிகையைப் பற்றியோ பெண் நிருபரைப் பற்றியோ கேவலமான மீம் அனுப்பியிருப்பார். எல்லார் முன்னாலும் திருத்தினால் பேச்சு "பெரியவங்களை எதிர்த்துப் பேசுறான்" என்று மாறிவிடும். போன் செய்து, "சித்தப்பா, நீங்க அனுப்பினதை நம்ம வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் பாக்குறாங்க. இப்படி அனுப்பினதுக்கே கோர்ட்டில் தண்டனை கொடுத்திருக்காங்க. எடுத்துடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். அனுப்பியவர் அழிக்காவிட்டால், குரூப் அட்மின் எல்லாருக்குமாகச் சேர்த்து அழிக்கலாம்.

அழித்த பிறகும் வேலை முடியவில்லை. வாட்ஸ்அப்பில் நீக்கினாலும் ஐபோன் கேலரியில் சேமித்த படம் அப்படியே இருக்கலாம், கூகுள் போட்டோஸ் பேக்கப்பிலும் போயிருக்கலாம். "எல்லாரும் கேலரியிலும் பேக்கப்பிலும் அழிச்சிடுங்க, அழிச்சதும் இங்க சொல்லுங்க" என்று கேளுங்கள். சிலர் சொல்ல மாட்டார்கள். அவர்களைத் தனியாகக் கேளுங்கள்.

6. பொதுவெளியில் பேசுவது

தாக்கும் பதிவைப் பகிர்ந்தோ மேற்கோள் காட்டியோ பதில் போடாதீர்கள். உங்களைப் பின்தொடர்பவர்கள் அத்தனை பேருக்கும் அதை நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். சொல்ல வேண்டுமென்றால் தனிப் பதிவாக, தாக்குபவனின் பெயரோ லிங்க்கோ இல்லாமல் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் அனுமதி இல்லாமல் அவர் பெயரையும் போடாதீர்கள். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் அரசாணையிலேயே வெளிவந்தது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அடையாளம் வெளியே போனால் திரும்பக் கூட்டிவர முடியாது.

அவருடைய பதிவுக்குக் கீழே கமெண்ட் போடுவதாக இருந்தால், தாக்குபவர்களுக்குப் பதில் சொல்வதைவிட அவர் எழுதிய விஷயத்தைப் பற்றிப் பேசுங்கள். சமையல் பற்றி எழுதியிருந்தால் சமையல், கிரிக்கெட் என்றால் கிரிக்கெட். அவர் எதற்காக எழுத வந்தாரோ அந்தப் பேச்சு தொடர்ந்து நடக்கட்டும், வசைகள் கீழே போகட்டும். பத்து நண்பர்களாகச் சேர்ந்து இதைச் செய்தால் அந்தப் பக்கமே மாறிவிடுவதைப் பார்க்கலாம்.

ரிப்போர்ட் செய்யும்போது சரியான காரணத்தைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை பேர் ரிப்போர்ட் செய்தார்கள் என்பதை வைத்துத் தாங்கள் நீக்குவதில்லை என்று இன்ஸ்டாகிராமே சொல்கிறது. "பிடிக்கவில்லை" என்று நூறு பேர் அழுத்துவதைவிட, "அந்தரங்கப் படம்" அல்லது "ஆள்மாறாட்டம்" என்று ஒருவர் சரியாக அழுத்துவது மேல். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் செய்தால் கடைசி ஐந்து செய்திகள்தான் நிறுவனத்துக்குப் போகும். எனவே அந்த வசை மேலே போய் மறையும் முன் செய்யுங்கள்.

7. அந்தரங்கப் படங்களை நீக்க வைப்பது

18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசத் தளம் இருக்கிறது. படம் அவருடைய போனை விட்டு வெளியே போகாது. படத்திலிருந்து ஓர் எண் கோவை மட்டும் உருவாகி, முகநூல், இன்ஸ்டாகிராம் போன்ற இணைந்துள்ள தளங்களுக்குப் போகும். அந்தப் படம் அங்கே ஏற்றப்பட்டால் அடையாளம் தெரியும். படத்தில் இருப்பவர்தான் இதைச் செய்ய முடியும், அவருக்காக நீங்கள் செய்ய முடியாது. லிங்க்கைக் கொடுத்து, எப்படி என்று விளக்கி ஒதுங்கிக்கொள்ளுங்கள். படத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் உங்களுக்கு எந்தக் கட்டத்திலும் இல்லை. படத்தை வெட்டியோ மாற்றியோ மறுபடி போட்டிருந்தால் அதைத் தனியாகப் பதிய வேண்டும். 18 வயதுக்குக் கீழ் எடுத்த படங்களுக்கு டேக் இட் டவுன் என்ற தளம் இருக்கிறது.

பயனர்களின் புகார்களைக் கவனிக்கத் தளம் வைத்திருக்கும் குறைதீர் அதிகாரிக்கும் புகார் அனுப்புங்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளே அந்தரங்கப் படங்கள், மார்ஃபிங் செய்த படங்கள் பற்றிய புகாருக்கு 24 மணி நேரக் கெடு வைத்தன. இந்தப் புகாரை அந்தப் பெண்ணின் சார்பில் வேறொருவர் கொடுக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. அவர் சம்மதித்தால் உங்களால் முழுதாகத் தூக்கிச் சுமக்க முடிந்த வேலை இது. அனுப்பிய நேரத்தைக் குறித்து வையுங்கள். கூகுள் தேடலில் வருவதை நீக்கத் தனிப் படிவம் இருக்கிறது.

8. போலீசுக்குப் போகும்போது

போவதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. போகிறார் என்றால், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற தேசிய இணையதளத்தில் பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம், ஆனால் அப்படிக் கொடுத்த புகாரின் நிலையைப் பின்னர் பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் மாவட்டம்தோறும் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. "இது எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பினால், எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று, குற்ற வழக்குகளின் நடைமுறையைச் சொல்லும் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்வதை எடுத்துக் காட்டுங்கள்.

கூடப் போகிறீர்கள் என்றால் நடந்ததைத் தேதிவாரியாக ஒரே பக்கத்தில் எழுதி, லிங்க்குகளோடு அச்செடுத்துக் கொண்டுபோங்கள். திரும்பத் திரும்ப வாயால் சொல்லும் வேதனை அவருக்குக் குறையும். உள்ளே அவர் பேசட்டும். கூட வந்த ஆணைப் பார்த்தே கேள்வி கேட்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்போது "அவங்களே சொல்வாங்க, சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். புகார் ரசீதோ, புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் எண்ணோ வாங்காமல் வெளியே வராதீர்கள்.

பணம் கேட்டு மிரட்டுகிறான் என்றால் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த மிரட்டல் வரும். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் உடனே 1930.

9. அடுத்த சில வாரங்கள்

பரபரப்பு இரண்டு மூன்று நாளில் அடங்கும், பிறகு எல்லாரும் போய்விடுவார்கள். அதே படம் ஒரு மாதம் கழித்து வேறொரு டெலிகிராம் சேனலில் வரும். அப்போதும் நீங்கள் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். "புதுசா ஏதாவது வந்தா லிங்க் மட்டும் அனுப்புங்க, ரிப்போர்ட் வேலையை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி வையுங்கள். தினமும் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம், அவருக்கு மறக்கவும் இடம் வேண்டும். அவர் நன்றி சொல்ல வேண்டும் என்றோ, கூடுதலாகப் பேச வேண்டும் என்றோ எதிர்பார்க்காதீர்கள். உதவியைச் சாக்காக வைத்து நெருங்கும் ஆண்களைப் பெண்கள் நிறையவே பார்த்திருக்கிறார்கள்.

உங்கள் பெயரையும் இழுப்பார்கள். "ஜொள்ளு", "பொண்ணுங்க பின்னாடி சுத்துறவன்" என்று வரும். பதில் சொல்ல வேண்டியதில்லை. மிரட்டலாக இருந்தால் மட்டும் மூன்றாம் படியில் சொன்னபடி சேமித்து வையுங்கள்.

குரூப்பில் விதி ஒன்று எழுதி வைக்க அட்மினிடம் கேளுங்கள்: அனுமதியில்லாமல் யாருடைய படமும் போடக் கூடாது, போட்டால் முதல் முறை எச்சரிக்கை, அடுத்த முறை நீக்கம். குரூப் விவரப் பகுதியிலேயே அது இருக்கட்டும். மறுபடி ஒருவன் போடும்போது உங்கள் இருவரில் யார் பேசினாலும் "நீ யாருடா சொல்ல" என்று கேட்க முடியாது, விதியைக் காட்டிவிட்டு அட்மினை நீக்கச் சொல்லலாம்.